சவுத் பேங்க்கா, தாவரவியல் பூங்காவா? பிரிஸ்பேனில் அம்மாவோடு ஒரு நடை

ஜனவரியில், அதாவது ஆஸ்திரேலியாவின் கோடையில், அம்மா பிரிஸ்பேன் வந்திருந்தார். முழங்கால் வலி உண்டு. ஆனாலும் ஆற்றோரமாகச் செடிகொடி பார்த்துக்கொண்டே நடக்க ஆசை. தென்கரையில் சவுத் பேங்க் பூங்கா, எதிர்க்கரையில் நகரத் தாவரவியல் பூங்கா. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. இடையில் குட்வில் பாலம், நடந்தே கடக்கலாம். ஆனால் ஒரே காலையில் இரண்டையும் சுற்றுவது அம்மாவால் ஆகாது. நான் சவுத் பேங்க்குக்கு அழைத்துப்போனேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காரணம் நிழல். அங்கே கோடையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சவுத் பேங்க்கில் கிராண்ட் ஆர்பர் என்ற கொடிப்பந்தல் சுமார் 1 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து போகிறது. பற்றிப் படரும் கொடியின் நுனி போலச் சுருண்ட 443 எஃகுத் தூண்கள், மேலே காகிதப்பூ. "நம்ம புடலங்காப் பந்தல் மாதிரி இருக்கே" என்றார் அம்மா. அடர்ந்த நிழல் என்று சொல்ல மாட்டேன். இலை இடுக்கில் வெயில் விழும், தொப்பி வேண்டும். ஆனால் நிழல் கூடவே வருகிறது. முழங்கால் நோகிறவருக்கு அதுதான் முக்கியம். வெட்டவெளி வந்தால் வேகமாகக் கடக்கத் தோன்றும், அந்த அவசரத்தில்தான் வலி கூடும். பந்தலுக்குள் அம்மா ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

பந்தலை விட்டால், 1988 உலகக் கண்காட்சிக்காக நேபாளத்தில் செதுக்கிக் கொண்டுவந்த மரக்கோபுரம். கண்காட்சி நடந்த இடம்தான் 1992இல் பூங்காவானது. தூண் வேலைப்பாடுகளை அம்மா தடவித் தடவிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துத் தாவரவியல் பூங்காவுக்குத் தனியாகப் போனேன். 1855இல் தொடங்கியது, மரங்கள் என்றால் இதுதான். பெரிய அத்தி மரங்களின் நிழலில் நின்றால் சவுத் பேங்க்கைவிடக் குளிர்ச்சி. ஆனால் நிழல் தீவு தீவாக இருக்கிறது, நடுவில் புல்வெளி முழுக்க வெயில். 1858இல் நட்டதாகச் சொல்லப்படும் மக்கடேமியா என்ற கொட்டை மரம் ஒன்றும் உண்டு.

சிற்பங்களில் எனக்குப் பிடித்ததும் இந்தக் கரையில்தான். கப்பல் உடைந்து, 17 ஆண்டுகள் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஜெம்மி மோரில், அவரோடு புரோல்கா நாரைகள்.

நான் பார்த்தது கோடையை மட்டும். ஜூலை குளிரில் புல்வெளி வெயில் இதமாகவே இருக்கலாம். அம்மா அப்போது மறுபடி வந்தால், அந்த நாரைகளிடம்தான் முதலில் கூட்டிப்போவேன்.