தண்ணீரைப் பின்கட்டோடு நிறுத்திய மேஸ்திரி

பழைய வீட்டைப் பிரித்து அபார்ட்மென்ட் ஆக்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும், "பாத்ரூமை எங்கே வைப்பீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். ஆளின் தரம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டு வேலையைச் செய்த சுண்ணாம்பு மேஸ்திரியையும் அவரோடு வந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணையும் அந்த ஒரு பதிலுக்காகத்தான் தேர்ந்தெடுத்தோம். வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. இனி தைரியமாக எழுதலாம். மேஸ்திரி கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. கையில் இருக்கிற வேலைக்கே அவருக்கு ஆள் போதவில்லை.

வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. கீழே அச்சு அசல் தமிழ் வீடு: திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் சூழ்ந்த முற்றம். மாடி பிரெஞ்சு பாணி: உயரமான ஜன்னல்கள், பலகைச் சட்டம் வைத்த கதவுகள், காரை பூசிய தூண்கள். அம்மா, வீணை சொல்லித்தரும் அக்கா, பிரான்சிலேயே தங்கிவிட்ட அண்ணன், நான் என்று நான்கு பேருக்கும் பாத்தியதை உண்டு. விற்க யாருக்கும் மனம் வரவில்லை. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு வீடுகள். கொல்லையில் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் அக்காவின் வகுப்புக்கு ஒரு ஸ்டுடியோ. இவ்வளவுதான் நாங்கள் கேட்டது.

முன்னால் வந்து பார்த்த ஒரு நிறுவனம், எல்லாவற்றையும் இடித்துவிட்டு முகப்பை மட்டும் அதே மாதிரி கான்கிரீட்டில் கட்டித் தருவதாகச் சொன்னது. இன்னொருவர் ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒரு பாத்ரூம் வரைந்து கொண்டுவந்தார். பார்க்க அழகான படம்தான். ஆனால் குழாய் போக நடுச்சுவரை வெட்ட வேண்டும். மாடிக் கழிவுநீர் மரத்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.

ஒரே குடும்பம் இருந்த காலத்தில் தண்ணீர் புழங்கிய இடமெல்லாம் பின்கட்டும் கிணற்றடியும்தான். முன்கட்டு எப்போதும் காய்ந்தே இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி கனத்தில் நிற்கிற சுவர், மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்தால் காய வழியே இல்லை. சுவருக்குள் சொருகியிருக்கும் உத்தரத்தின் முனைதான் முதலில் உளுக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், விழுந்ததைப் பார்த்த ஊர் இது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய சுவர்கள் போனது போனதுதான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

மேஸ்திரி வீட்டைச் சுற்றி வந்து சொன்னது: "ஈரம் எல்லாம் பின்னால போயிடட்டும் சார். பழைய வீட்ல ஒரு சொட்டு குழாய்த் தண்ணி வேணாம்." ஆர்க்கிடெக்ட் அதை அப்படியே வரைபடமாக்கினார். வீட்டுக்குப் பின்னால் தனித் தூண்களில் ஒரு புதுக்கட்டு. அதில் நான்கு சமையலறை, நான்கு குளியலறை, மேலும் கீழும் நேருக்கு நேராக. ஒவ்வொரு வீட்டுக்கும் கூடமும் படுக்கையறைகளும் பழைய கட்டடத்தில், அடுப்பும் குழாயும் புதுக்கட்டில். பின்பக்கம் ஏற்கெனவே இருந்த வாசல்களையும் ஜன்னல்களையுமே வழியாக்கிக்கொண்டார்கள். பழைய சுவரில் புதிதாக ஒரு வாசல்கூட வெட்டவில்லை. பழைய கட்டடமும் புதியதும் ஒன்றையொன்று தொடாது. நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு மேலே தகடு போட்டிருக்கிறார்கள். புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கினாலும் பழைய சுவரை இழுத்து விரிசல் விடாது.

கீழ்ச்சுவர்களில் முன்பு யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். மேஸ்திரி ஒரு பக்கம் கொத்தி எடுத்துக் காட்டினார். உள்ளே செங்கல் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வெளியேற வேண்டிய ஓதத்தைச் சிமென்ட் உள்ளேயே அடைத்து வைத்திருந்தது. முழுவதையும் பெயர்த்து, சுவரைக் கோடை முழுக்க வெறுமனே காயவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். அந்தப் பொறுமைக்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால் ஸ்டுடியோ கூரைதான் இவர்களின் கைவண்ணம். கான்கிரீட் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். பழைய வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, மர உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் பழைய முறைக் கூரையான மெட்ராஸ் டெரஸ் கேட்டோம், மேஸ்திரியின் முகம் மலர்ந்துவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு உத்தரங்களைப் பொறுக்கி எடுத்து வந்தார். உத்தரத்தின் மேல் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய தளச்செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டமாக, சுண்ணாம்பு வைத்து வரிசை வரிசையாக ஒட்டினார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த தண்ணீர் தனியாக ஒரு தொட்டியில் இருந்தது; கொல்லை முழுக்க அந்த வாசனைதான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தளத்தை அடித்தார்கள். முதலில் சொதசொதவென்று கேட்ட சத்தம் நாள் போகப் போக 'டக் டக்' என்று இறுகியது. கட்டை பட்டால் எகிற வேண்டும், தடம் பதியக் கூடாது. அப்போதுதான் போதும் என்றார் மேஸ்திரி. ஒரு மூலையில் அவருக்குத் திருப்தி இல்லை. மறுநாளும் அங்கேயே உட்காரவைத்தார். கடைசியாக மேலே தட்டை ஓடுகளைப் பதித்தார்கள். பங்குனி வெயிலில் மதியம் அந்த அறைக்குள் நுழைந்தால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். வழவழப்பான சுவர் நாதத்தைத் திருப்பி அடிக்கிறது என்று அக்கா இரண்டு பக்கம் கோரைப்பாய் தொங்கவிட்டிருக்கிறாள். இப்போது மந்தர ஸ்தாயி தெளிவாகக் கேட்கிறது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடாத கல் என்பதால் கொஞ்சம் பராமரிப்பு வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். குடித்தனக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் பெருமழையில் தகடு போட்ட இணைப்பின் ஒரு மூலை ஒழுகியது. கூப்பிட்டதும் வந்து, காசு வாங்காமல் சரிசெய்தார்கள்; ஆனால் அது முதலிலேயே கவனித்திருக்க வேண்டிய இடம். மாடியில் நாற்காலி நகர்ந்தால் கீழ்வீட்டில் கேட்கிறது. மரத்தளத்தில் இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தால் தேங்காய்நார்ப் பலகை மாதிரி ஏதாவது கேட்டிருப்போம். மர வேலைக்குச் சொன்ன தொகை, உத்தர முனைகளைத் திறந்து பார்த்த பிறகு நன்றாகவே ஏறியது. கணக்கில் பொய் இல்லை, உளுத்த முனைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இருந்தாலும் பிரான்சில் இருக்கும் அண்ணனுக்குப் போனில் விளக்கி முடிப்பதற்குள் பெரும்பாடு. சிமென்ட் வேலையைவிட மொத்தச் செலவும் அதிகம், காலமும் அதிகம். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், யார் அவசரப்பட்டாலும் அதற்குக் கவலையில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இந்த ஊரில் இது புது யோசனை இல்லை. வைசியாள் வீதியை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான இன்டாக் முன்னின்று புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்திருக்கிறது. போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால், உங்கள் வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஓரளவு பிடிபடும்.

இப்படி ஒரு குழுவை அழைப்பதாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கைந்து உத்தர முனைகளையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்; அதற்குக் கூலி கொடுத்தாலும் லாபம்தான். உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், இருந்தால் அனுமதிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இவர்கள் சுண்ணாம்பைத் தொடமாட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஆரம்பித்தால், மழைக்குள் கூரை மூடிவிடலாம்.