தேய்ந்த எழுத்துருவா, தேய்த்த எழுத்துருவா?

மரக்கட்டையில் செதுக்கிய எழுத்துகளால் அச்சிட்டு, மை சீராகப் படியாததைப் போன்ற தலைப்பு வேண்டுமென்றால் வடிவமைப்பாளர்முன் இரண்டு வழிகள் உள்ளன. கீறலும் பொத்தலும் ஏற்கெனவே வரையப்பட்ட தடித்த எழுத்துரு ஒன்றை எடுத்துத் தட்டச்சு செய்யலாம். அல்லது சுத்தமான தடித்த எழுத்துருவில் தலைப்பை அமைத்து, அதன்மேல் டெக்ஸ்சர் (சொரசொரப்பான பரப்பின்) படத்தை மாஸ்க்காக, அதாவது எழுத்தின் சில இடங்களை மறைக்கும் அடுக்காக, இட்டுத் தாமே தேய்க்கலாம்.

வேகத்தில் முதல் வழிக்கு ஈடில்லை. வாசகத்தை எத்தனை முறை திருத்தினாலும் தேய்வு தானே வந்துவிடும். இணையத்தில் தலைப்பு படமாக மாறாமல் எழுத்தாகவே இருப்பதால் தேடலுக்கும் திரைவாசிப்பானுக்கும் அகப்படும்.

அதன் பெருங்குறை, ஒரே தழும்பு திரும்பத் திரும்ப வருவதுதான். அச்சாளர் டேரியஸ் வெல்ஸ் 1827-இல் நியூயார்க்கில் இயந்திரத்தால் மர எழுத்துகளைக் கடையத் தொடங்கிய காலந்தொட்டு, ஒரு சொல்லில் இருமுறை வரும் எழுத்துக்கு இரண்டு தனித்தனிக் கட்டைகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் தன் போக்கில் தேய்ந்தது. எழுத்துருவிலோ இரண்டும் ஒரே வரைவு. ‘பட்டம்’ என்று அடித்தால், அடுத்தடுத்து நிற்கும் இரு டகரங்களிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் தெரியும். அந்தக் கணமே பழமை பொய்யாகிவிடும். ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்களைச் சேர்த்து, ஓபன்டைப் விதிகளால் (எழுத்துருக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும் கட்டளைகளால்) அவற்றை மாறிமாறி வரச்செய்யும் எழுத்துருக்கள் இதைப் பெருமளவு தீர்க்கின்றன. அவ்வசதி இல்லாத எழுத்துருவை ஐந்தாறு எழுத்துகளுக்கு மேற்பட்ட தலைப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கல் அளவைச் சார்ந்தது. தலைப்பை 120 பாயின்ட் அளவிலும் துணைத்தலைப்பை 30 பாயின்ட் அளவிலும் அமைத்தால், எழுத்தோடு சேர்ந்து கீறலும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். உண்மையான அச்சிலோ தாளின் சொரசொரப்பு எழுத்தின் அளவைப் பார்த்துச் சுருங்குவதில்லை. முழுப் பக்கத்துக்கும் ஒரே மாஸ்க்கை இடும் இரண்டாம் வழியில் இந்த முரண் எழாது. தவிர, வினைல் வெட்டும் கருவிக்குக் கோப்பை அனுப்பும்போது மாஸ்க்கை அணைத்தால் சுத்தமான எழுத்து கிடைத்துவிடும். எழுத்துருவில் பதிந்த நூற்றுக்கணக்கான சிறு பொத்தல்களை அப்படி நீக்க இயலாது.

ஆனாலும் மாஸ்க்குக்குக் கண் கிடையாது. தமிழில் அதன் விலை அதிகம்: கீறல் புள்ளியின்மேல் விழுந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். தமிழுக்கென்றே வரையப்பட்ட தேய்ந்த எழுத்துருவில் புள்ளியைக் காப்பது வரைந்தவர் பொறுப்பு; மாஸ்க் வழியில் அது நம் பொறுப்பு.

சிறிய அளவில் இரண்டுமே உதவா. தேய்வு வெறும் அழுக்காகத் தெரியும். அடிக்கடி மாறும் தலைப்புகளுக்கு மாற்று வடிவங்கள் உள்ள எழுத்துருவையும், ஒருமுறை மட்டும் அச்சேறும் சுவரொட்டிக்கும் நூலட்டைக்கும் மாஸ்க்கையும் தேர்ந்தெடுப்பேன். இரண்டாவதில், கோப்பை அனுப்புமுன் ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிப் பார்த்து, மறைந்தவற்றை மென்தூரிகையால் மீட்பதற்கான நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.