பனி ரோட்டுக்குச் சங்கிலியா, பனி டயரா?

வருகிற ஆகஸ்டில் என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போகிறான், அங்கே அப்போது குளிர்காலம். போன வாரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "மச்சான், டயருக்குச் சங்கிலி வாடகைக்கு எடுக்கவா, பனி டயர் போட்ட காடியா தேடவா?" என்று கேட்டான். சுங்கை சிப்புட்டில் பிறந்து, செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் வண்டி பழகிய எங்களுக்கு இதைச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். ஒரு ஜூலையில் தென் தீவில் சங்கிலியோடு, அதற்கு அடுத்த ஜனவரியில் ஜப்பானின் ஹொக்காய்டோவில் பனி டயரோடு. என் கட்சி பனி டயர்தான். ஆனால் வழக்கமாக எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டிலும் நம்மைப் போல இடது பக்கம்தான். நம் லைசென்ஸோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தரும் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, டார்ச் லைட், போர்வை, தண்ணீர், பிஸ்கட். எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் அடித்துவிட வேண்டும். இவை எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

சங்கிலியை எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில் கட்ட வேண்டும். சின்ன வாடகை வண்டி என்றால் பெரும்பாலும் முன் சக்கரம். கட்டிய பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும், வெறும் தார் வந்ததும் கழற்ற வேண்டும். பனி டயரின் கதை வேறு. நம் ஊர் டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கிவிடும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் மேல் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான நுண்ணிய வெட்டுகள். ஐஸின் மேல் படிந்திருக்கும் தண்ணீர்ப் படலத்தை அந்த வெட்டுகள் வாங்கிக்கொள்ள, ரப்பர் ஐஸைப் பிடிக்கிறது. முன்பு ஜப்பானில் ஆணி பதித்த டயர்கள் ஓடின. அவை ரோட்டைச் சுரண்டிக் கிளப்பிய தூசியால் 1990இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். இன்று ஹொக்காய்டோவில் குளிர்காலத்தில் வாடகைக்கு எடுக்கும் வண்டி, நாம் கேட்காமலே பனி டயரோடு வருகிறது. தென் தீவில் பெரும்பாலும் சாதா டயரும், வண்டியின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஒரு சங்கிலிப் பையும்தான். மில்ஃபர்ட் ரோட்டில் மே முதல் நவம்பர் வரை அறிவிப்புப் பலகை வைத்திருக்கும் நாட்களில் வண்டியில் சங்கிலி இருந்தே ஆக வேண்டும், அது சட்டம்.

போவதற்கு முன்னால் சங்கிலி கட்டிப் பழகிவிடலாம் என்று எங்கள் மைவி காரின் டயர் அளவுக்கு ஒரு செட் வாங்கினேன். போர்ச்சில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தக் காலத்தில் மழை நாளில் மரக்கட்டை ஏற்றும் பாலாக் லாரியின் பின் சக்கரத்தில் சங்கிலி சுற்றி ஓட்டியவர் அவர். "முறுக்கு இல்லாம தரையில நீட்டிப் போடு. உள் பக்கத்து கொக்கிய முதல்ல மாட்டு. கொஞ்ச தூரம் உருட்டிட்டு மறுபடி இறுக்கு," என்றார். மூன்றாவது தடவை 12 நிமிடத்தில் முடித்தேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம்.

ஓமராமாவிலிருந்து டாராஸ் போகும் வழியில் லிண்டிஸ் கணவாய் இருக்கிறது, 971 மீட்டர் உயரம். காலை எட்டரை மணி. புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்திருந்தது, ரோடு மட்டும் கறுப்பாக, ஈரமாக, மழை விட்ட பிறகு ஈப்போ போகிற ரோடு மாதிரியே இருந்தது. பனியே இல்லாத ரோட்டில் சங்கிலி எதற்கு என்று ஓட்டிக்கொண்டு போனேன். மலை நிழல் விழுந்த ஒரு வளைவில் ஸ்டீரிங் திடீரென்று கனமே இல்லாமல் போனது. கை திருப்புகிறது, வண்டி திரும்பவில்லை. சத்தமே இல்லாமல் எதிர்ப் பாதையைக் கடந்து, ஓரத்தில் குவிந்திருந்த பனியில் போய் நின்றது. எதிரே வண்டி எதுவும் வராததால் பிழைத்தோம். பின் சீட்டில் அப்பா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சங்கிலி பூட்டில், பையைக்கூடப் பிரிக்காமல், பத்திரமாக இருந்தது.

எனக்கு முடிவு அந்த இடத்தில்தான் பிறந்தது. சங்கிலி நல்ல சாமான், ஆனால் ஐஸ் வருவதற்கு முன்னாலேயே ஐஸ் வரப்போகிறது என்று கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் அது உதவும். கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் படியும் ஐஸின் வழியே கீழே உள்ள தார் தெரியும். அந்த ஊர்க்காரன் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். நாமோ வருஷம் முழுக்க மழையில் ஓட்டுகிறவர்கள். நனைந்த ரோட்டைப் பார்த்தால் நமக்குப் பயம் வராது, ஊர் ஞாபகம்தான் வரும். மலை நிழல், பாலத்தின் மேல், விடியற்காலை என்று புத்தகப் பாடமாகப் படிக்கலாம், நானும் படித்துவிட்டுத்தான் போனேன். ஒரு வாரப் பயணத்தில் கண் பழகாது. ஓட்டுகிறவன் ரோட்டைத் தப்பாகப் படித்த அந்த நொடியிலும் பனி டயர் வேலை செய்துகொண்டிருக்கும், சங்கிலி அப்போது பூட்டில் கிடக்கும்.

பிறகு கட்டினோம். போர்ச்சில் 12 நிமிடம் ஆன வேலை அங்கே 50 நிமிடம் ஆனது. கொடுத்திருந்த சங்கிலி நான் பழகிய மாதிரி இல்லை, கொக்கி வேறு பக்கம். கையுறையோடு கொக்கி பிடிபடவில்லை, கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. உருகிய பனி முழங்காலில் ஊறியது. கணவாயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வெயில் பட்ட வெறும் தார், திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் வந்த நிழல் வளைவுகளில் மறுபடி கட்ட எனக்குத் தெம்பு இல்லை, 30இல் ஊர்ந்துதான் போனோம்.

ஹொக்காய்டோவில் சிதோசேயில் வண்டி எடுத்து ஓபிஹிரோ, குஷிரோ, அகான் ஏரி என்று ஐந்து நாள் சுற்றினோம். ஓபிஹிரோவில் முதல் நாள் காலை சிக்னலில் பிரேக் போட்டேன். வண்டிகள் நின்று கிளம்பி, நின்று கிளம்பி ஐஸைத் தேய்த்துப் பளிங்காக்கி வைத்திருக்கின்றன. காலுக்குக் கீழே பிரேக் தடதடவென்று அடித்துக்கொண்டது, கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றது. அந்தப் பயணத்திலும் இரண்டு தடவை நான் ரோட்டைத் தப்பாகப் படித்தேன். இரண்டு தடவையும் வண்டி லேசாக வழுக்கித் தானே பிடித்துக்கொண்டது. யாரும் இறங்கவில்லை, யார் கையும் விறைக்கவில்லை. பனியில் ரோட்டு ஓரமே தெரியாத இடங்களில் கம்பத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புகள் ஓரத்தைக் காட்டிக்கொண்டே வந்தன. ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரைப் பார்க்கிங்கில் மட்டும் போட்டோம், இழுத்தால் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐஸ் அதிகமாக வழுக்குவது பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், மேலே தண்ணீர் கசியும்போதுதான். லிண்டிஸில் எனக்குக் கிடைத்தது அந்த மாதிரி ஐஸ். ஓபிஹிரோவில் கடுங்குளிர், அதில் ஐஸ் வறண்டு பிடி கொஞ்சம் கூடும். ஆகவே லிண்டிஸ் வளைவில் பனி டயர் இருந்திருந்தால் வழுக்கியே இருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செங்குத்தான மலை ஏற்றத்தில் புதுப் பனியிலும் நான் ஓட்டியதில்லை. அங்கே சங்கிலிதான் ராஜா என்கிறார்கள், நம்புகிறேன். ஜப்பானிலேயே 2018 டிசம்பரிலிருந்து, கடும்பனி நேரத்தில் பனி டயர் இருந்தாலும் சங்கிலி கட்டாயம் என்று 13 ரோட்டுப் பகுதிகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நான்கு சக்கர இழுவை வண்டி கிளம்ப உதவும், நிறுத்த உதவாது. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் எந்த டயரானாலும் ஹோட்டலை விட்டுக் கிளம்பக் கூடாது. 2013 மார்ச்சில் ஹொக்காய்டோவில் அடித்த புயலில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் பனியில் புதைந்த வண்டிக்குள் எஞ்சின் புகை ஏறி இறந்தவர்கள். மாட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும், ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மச்சானுக்குச் சொன்னது இதுதான். தென் தீவிலும் பனி டயர் போட்டுத் தரும் ஆளைத் தேடு, நாள் வாடகை கூடினாலும் பரவாயில்லை. கிடைத்தால், வண்டி எடுக்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டும் வருஷத்தைக் காட்டும். பழசானால் ரப்பர் விறைத்து, பனி டயர் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். மில்ஃபர்ட் போனால் சங்கிலியும் கேட்டு வாங்கிக்கொள். அதை இங்கே வாங்கிக்கொண்டு போகாதே, கொடுக்கப்போகும் வண்டியின் டயர் அளவு இங்கே தெரியாது.

பனி டயர் கிடைக்காவிட்டால்? மைவிக்கு வாங்கிய செட் இன்னும் போர்ச் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் கையை நனைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.