இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி.: கரையானுக்கு வாங்கலாம், உளுவண்டுக்கு வேண்டாம்

கரையான் மருந்து கேட்டால் இன்று பல கடைகளில் எடுத்துத் தருவது இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. (30.5 சதவீத மருந்துள்ள, தண்ணீரில் கலக்கும் திரவம்). மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கு நம்பி வாங்கலாம். மரத்தை உளுவண்டு துளைத்துக் கட்டிலில் மாவு கொட்டுகிறதென்று வாங்கினால் காசுதான் வீண்.

முதலில் மரத்தைப் பாருங்கள். கதவு நிலையில் மண் தடம் ஏறி, தட்டினால் பொக்கென்று ஒலித்தால் கரையான். 1-2 மி.மீ. வட்டத் துளைகளும் கீழே முகப்பவுடர் போன்ற நைசான தூளும் இருந்தால் உளுவண்டு. ஆறு பட்டையுள்ள குறுமணிகள் உதிர்கின்றனவா? அது மண்ணே தேவைப்படாத உலர்மரக் கரையான். அதற்கும் தரையில் மருந்து விட்டுப் பயனில்லை.

அளவு: லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. சுவரும் தரையும் சேருமிடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, துளைக்கு ஒரு லிட்டர். 10க்கு 12 அறையின் சுற்றளவு 44 அடி. ஆக 44 லிட்டர் கரைசல், மருந்து ஏறத்தாழ 92 மி.லி. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். துளை கான்கிரீட்டைத் தாண்டி மண்ணைத் தொடாவிட்டால் கரைசல் மேலேயே வழிந்துவிடும். பத்து லிட்டரில் இதே அறையை முடித்து உத்தரவாதச் சீட்டு நீட்டுபவர்களும் உண்டு. கலக்கும்போது பக்கத்தில் நின்று அளவு பாருங்கள்.

மறுநாளே சாகவில்லை என்று இந்த மருந்தைக் குறை சொல்வது நியாயமில்லை. இது மெதுவாகக் கொல்வது. மருந்து பட்ட மண்ணைக் கரையான் உணர்ந்து ஒதுங்குவதில்லை, புற்றிலுள்ள மற்றவற்றுக்கும் கடத்துகிறது. அதனால் மண் தடத்தை முன்கூட்டியே சுரண்டிவிடாதீர்கள். கிணற்றோரம் தவிருங்கள். தேனீக்களுக்கும் இது கடும் நஞ்சு, பூச்செடிப் பக்கம் சிந்தக் கூடாது.

உளுவண்டின் புழு மரத்தின் வெள்ளைப் பகுதியிலுள்ள மாவுச்சத்தைத் தின்று உள்ளேயே மாதக்கணக்கில் வளரும். மண்ணுக்கு வருவதே இல்லை. தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுக்கட்டையைத் தொடாது, வெள்ளையை விடாது. ரப்பர் மரமும் மாமரமும் அதற்கு விருந்து. வார்னிஷைச் சுரண்டிவிட்டு, எண்ணெயில் கரைத்த மர மருந்தை இரண்டு கை பூசி, துளைகளில் ஊசியால் செலுத்த வேண்டும். மேலே பாலிஷ் மட்டும் அடித்தால் புது முட்டை தடுக்கப்படும். உள்ளிருக்கும் வண்டு அதையும் துளைத்து வெளியேறும். பழைய துளைகளை மெழுகால் அடைத்து வையுங்கள். பிறகு புதுத் துளை தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் மறுபடி செலுத்தினால் போதும்.