ட்ரோன்காரனைப் பிடிக்க முதல் ஒருக்கா வாசியுங்கோ – 85,000 ரூவா போச்சு

ராத்திரி முழுக்க நித்திரை வரேல்ல, விடியக்காலம எழும்பி இருந்து தட்டுறன், பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. 85,000 ரூவா. எங்கட கம்பனி பெரிய கம்பனி ஒண்டும் இல்ல, பதினெட்டுப் பேர்தான், வருஷத்துக்கு ஒருக்கா ஒரு விழா செய்யிறனாங்கள், இந்தமுறை உப்புவெளிக் கடற்கரையில வள்ளப் போட்டி, கயிறிழுத்தல் எண்டு ஊர்ச்சனத்தையும் கூப்பிட்டுச் செய்தம். மேல இருந்து வீடியோ எடுத்தா வடிவாயிருக்கும் எண்டு முதலாளிட்டச் சொன்னது நான். இப்ப பேச்சு வாங்கிறதும் நான்தான்.

ஆளைப் பிடிச்சது ஒரு ஆப்பில, போட்டோக்காரர், டிஜே, கேக் அடிக்கிற ஆக்கள் எண்டு விழாவுக்கு வேண்டிய எல்லாரையும் புக் பண்ணுற வகை ஆப். அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்துது. மெசேஜ் போட்டு பத்து நிமிசத்தில கோல் எடுத்தான். "அண்ணா, நானும் திருகோணமலைதான், ஊராக்களுக்கு குறைச்சுத்தான் எடுக்கிறனான்" எண்டான். அந்த "ஊராக்கள்" எண்ட சொல்லிலதான் நான் விழுந்தது. ஆப்புக்குள்ளால கட்டினா கமிஷன் வெட்டுவாங்கள் அண்ணா, நேர பேங்குக்குப் போட்டுவிடுங்கோ எண்டான், 50,000 போட்டன். மிச்சம் 35,000 விழாவண்டு காலம கையில குடுத்தன்.

பெர்மிஷன் கேக்காம விட்டனெண்டு நினைக்காதீங்கோ. சீனக்குடாவில விமானப்படை, டொக்யார்ட்டில நேவி, பிரட்றிக் கோட்டைக்குள்ள ஆமி, இந்த ஊரில பட்டம் ஏத்தவே நாலு பக்கம் பாக்கோணும். ட்ரோன் எண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதியோணும், பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதியும் வேணும் எண்டு எனக்கே தெரியும். கேட்டன். தேத்தண்ணிக் கடையில வச்சு போனில ஒரு பேப்பரைக் காட்டினான், மேல ஏதோ முத்திரை, மூண்டு செக்கன் இருக்கும், விரலால தள்ளிப்போட்டு ஒரு கலியாண வீடியோவைப் போட்டான். நானும் வாயைப் பிளந்துகொண்டு பொம்பிள மாப்பிளயப் பாத்துக்கொண்டிருந்தன். விசர் எனக்கு.

விழாவண்டு நல்ல கச்சான் காத்து. கரையில இருந்து கடல் பக்கமாத் தள்ளுற காத்து எண்டு நம்மட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. வள்ளம் கொண்டுவந்த ஐயா ஒராள் அவனைப் பாத்து, "தம்பி, உது போகும், வராது" எண்டார். சிரிச்சுப்போட்டு ஏத்தினான். போகேக்க சும்மா பறந்துது, திரும்பி எதிர்க்காத்தில வரேக்க அந்தரத்தில நிண்டு ஆடுது, கையில இருந்த கொன்ட்ரோல் பீப் பீப் எண்டு கத்துது, பேட்டரி முடியப்போகுது. வெறும் மணல் அந்தப் பக்கம் அவ்வளவு கிடக்க சனத்துக்கு மேலாலயே தாழக் கொண்டுவந்தான், கூடாரக் கயிறில அடிச்சு கயிறிழுக்கிற பிள்ளையளுக்குப் பக்கத்தில விழுந்துது. விசிறிக்குக் காவல் வளையமும் போடேல்ல. எங்கட கணக்காளற்ற மகனுக்கு முழங்கையில மூண்டு தையல். கண்ணில பட்டிருந்தா?

பொலிஸ் வந்து கேக்க, இது 249 கிராம்தான் சேர், பதியத் தேவையில்ல எண்டான். வெளிநாட்டு யூடியூப்காரர் சொல்லுற 250 கிராம் கணக்கு அது, இங்க 200 கிராமுக்கு மேல எண்டாலே பதியோணும். பிறகு அந்தப் பேப்பரை வடிவாத் திறந்து பாத்தா வேற ஆளின்ர பேர், வேற ட்ரோன். வாக்குமூலம் குடுக்க எண்டு பொலிஸில ரெண்டு மணித்தியாலம் நானும் இருந்தன்.

சரி, வீடியோவையாவது தா எண்டா, முதல் கிழமை "எடிட் நடக்குது அண்ணா". ரெண்டாம் கிழமை எடிட்டருக்குக் காய்ச்சல். அதுக்குப் பிறகு மெமரி காட் கரப்ட் ஆயிட்டுதாம், உங்கட கூடாரக் கயிறாலதானே ட்ரோன் உடைஞ்சது, திருத்த 40,000 போட்டா காட்டையும் எடுத்துப் பாக்கலாமாம்! 85,000 வாங்கினவன் கேக்கிறான். இப்ப வட்ஸ்அப்பில புளொக். ஆப்காரருக்கு எழுதினா, நாங்கள் அறிமுகம் செய்யிறது மட்டும்தான், வெளியால கட்டின காசுக்குப் பொறுப்பில்ல எண்டு ஒரே பதிலை நாலுதரம் அனுப்பினவங்கள், ரிவியூ எழுதவும் விடேல்ல, ஏனெண்டா கணக்கில புக்கிங்கே இல்லையாம்.

என்னென்ன பாக்கோணும் எண்டு விபரமா எழுதத்தான் தொடங்கினனான், வேலைக்கு நேரமாச்சு. பேப்பரைப் போனில பாக்காதீங்கோ, கையில வாங்கி ட்ரோன்ல இருக்கிற நம்பரோட ஒத்துப்பாருங்கோ, உங்கட இடத்துக்கும் திகதிக்கும் எடுத்த அனுமதியோ எண்டும் வாசியுங்கோ. சனத்துக்கு மேலால பறக்கவே விடாதீங்கோ. விழுந்தா ஆர் பொறுப்பு எண்டு எழுதி வாங்குங்கோ. மெமரி காட்டை அண்டைக்கே கொப்பி பண்ணுங்கோ. காசை வெளியால போடவே வேண்டாம்.

பதிவு போட முதல் அந்த ஆப்பை இன்னொருக்காத் திறந்து பாத்தன். ஆள் இன்னும் இருக்கிறான், அஞ்சு நட்சத்திரத்தோட. புது சாம்பிள் வீடியோ ஒண்டும் போட்டிருக்கிறான், நீலக் கூடாரம், கயிறில எங்கட கம்பனிக் கொடி, முன்னுக்கு வாறது அந்த ஐயான்ர வள்ளம்.