கலேரா கிளஸ்டர் மூணு வருஷ அனுபவம்: 4568, 4444 போர்ட்ட மறந்துடாதீங்க

மரியாடிபி கலேரா கிளஸ்டர் (ஒரே டேட்டாபேஸோட காப்பிய பல சர்வர்ல ஒரே மாதிரி வச்சிருக்கிற அமைப்பு) ஓட்ட ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. மூணு நோடு, அதாவது மூணு சர்வர், எங்க பில்லிங் டேட்டா மொத்தமும் அதுல தான் இருக்கு. ரொம்ப திருப்தியா தான் இருக்கேன், ஒரு நோடு படுத்தாலும் மத்த ரெண்டும் மெஜாரிட்டியா நின்னு வேலைய பாத்துக்கும், கடை கவுன்டர்ல பில் போடுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இந்த மூணு வருஷத்துல நான் ராத்திரி முழிச்சு உக்காந்த நாளெல்லாம் பாத்தா பெரும்பாலும் போர்ட் (சர்வருங்க நெட்வொர்க்ல பேசிக்கிற எண் போட்ட வாசல்) பிரச்சனை தான், அதனால அத மட்டும் விரிவா எழுதுறேன்.

3306 அப்ளிகேஷன் பேசுறதுக்கு, 4567 நோடுங்க தங்களுக்குள்ள எந்நேரமும் பேசிக்கிறதுக்கு. இந்த ரெண்டு திறந்திருந்தாலே கிளஸ்டர் ஜம்முனு ஓடும், அங்க தான் ஏமாந்து போறோம். 4568, 4444 ரெண்டும் ஒரு நோடு வெளிய போய்ட்டு திரும்ப உள்ள வர்றப்ப மட்டும் தான் தேவைப்படும். கொஞ்ச நேரம் தான் இல்லேன்னா விட்டுப்போன மாற்றத்த மட்டும் 4568ல வாங்கிக்கும், அது ஐஎஸ்டி. ரொம்ப நேரம் ஆயிடுச்சு, டோனரோட (டேட்டா குடுக்குற நோடு) ஜிகேஷ்ல (சமீபத்திய மாற்றங்கள சேத்து வைக்கிற இடம்) பழசு இல்லன்னா மொத்த டேட்டாவும் 4444ல வரணும், அது எஸ்எஸ்டி.

எங்க விஷயத்துல நடந்தது இது தான். முதல்ல கிளஸ்டர் போட்டப்ப ஃபயர்வால் ஆஃப்ல இருந்துச்சு, மூணு நோடும் அழகா சேந்துடுச்சு. அப்புறம் ஃபயர்வால ஆன் பண்ணி 3306, 4567 மட்டும் திறந்தாங்க, எட்டு மாசம் ஒரு சத்தமும் இல்ல. ஒருநாள் கெர்னல் அப்டேட்டுக்காக மூணாவது நோட ரீபூட் பண்ணோம், திரும்ப வரவே இல்ல. கிளஸ்டர் சைஸ் பாத்தா 3னு காட்டுது, கொஞ்ச நேரத்துல 2 ஆயிடுது, மறுபடி ஸ்டார்ட் பண்ணா மறுபடி 3, மறுபடி 2. 4567 வழியா உள்ள வந்து சேந்துடுது, அதனால எண்ணிக்கைல வருது, டேட்டா வாங்குற வழி மட்டும் அடைச்சிருக்கு. சைஸ மட்டும் நம்பாதீங்க, அந்த நோட்ல லோக்கல் ஸ்டேட் கமென்ட், அதாவது நோடோட நிலைய காட்டுற வரி, ‘சிங்க்டு’னு வந்துச்சான்னு பாருங்க.

நான் ரெண்டு மணி நேரம் வீணாக்குனது எங்கன்னா, வராத நோட்ல இருந்தே மத்த நோடுக்கு நெட்கேட் (போர்ட்டுக்கு வழி இருக்கான்னு பாக்குற டூல்) அடிச்சு பாத்துட்டு இருந்தேன். தப்பு. ஐஎஸ்டி, எஸ்எஸ்டி ரெண்டுலயும் புதுசா வர்ற நோடு தான் போர்ட்ட திறந்துட்டு காத்திருக்கும், டோனர் தான் அதுகிட்ட போய் கனெக்ட் பண்ணும். அதனால டோனர்ல இருந்து வர்ற நோடுக்கு அடிக்கணும், டோனரோட எரர் லாக்கயும் சேத்து படிக்கணும்.

அதுல வர்ற பதில படிக்கத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’னு வந்தா பெரும்பாலும் நல்ல செய்தி தான், மெஷின் வரைக்கும் வழி இருக்கு, அந்த நேரத்துல யாரும் கேட்டுட்டு இல்ல, அவ்வளவு தான், ஏன்னா 4444லாம் சேர்ற நேரத்துல மட்டும் தான் திறக்கும். பிங் போகுது ஆனா ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’னு வருதுன்னா ரூட்டிங்க நோண்டாதீங்க, ஃபயர்வால்டி (லினக்ஸோட ஃபயர்வால் சர்வீஸ்) தான் திருப்பி அனுப்புது. பதிலே இல்லாம ‘டைம்டு அவுட்’ ஆனா நடுவுல எதுவோ பாக்கெட்ட முழுங்குது, கிளவுட்னா செக்யூரிட்டி குரூப்ப (கிளவுடோட ஃபயர்வால் ரூல்) பாருங்க. எங்களுக்கு ரெண்டாவது தான் வந்துச்சு. மூணு நோட்லயும் 4568, 4444 திறந்தோம், மத்த ரெண்டு நோடோட ஐபிக்கு மட்டும், ஏன்னா தனியா என்கிரிப்ஷன் செட் பண்ணலன்னா 4444ல மொத்த டேட்டாவும் அப்படியே போகும். ஃபயர்வால் ரூல பெர்மனென்ட்னு குடுத்து ரீலோட் பண்ண மறந்துடாதீங்க.

அதுக்கப்புறமும் செலினக்ஸ் (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) ஒரு தடவ மறிச்சுது. அதோட பாலிசில 4444 ஏற்கனவே கெர்பரோஸ் (லாகின் சரிபாக்குற வேறொரு சர்வீஸ்) பேர்ல இருக்கு, புதுசா சேக்கப் போனா ‘ஏற்கனவே இருக்கு’னு எரர் வரும், மாடிஃபை பண்ணி மைஎஸ்கியூஎல் போர்ட் டைப்புக்கு மாத்தணும். செலினக்ஸயே ஆஃப் பண்ணிடுன்னு நிறைய பேர் சொன்னாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அடுத்த வருஷம் பேக்கப்புக்குனு ரெண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டோம், ஒரு நோடு மறுபடி சேரல. போர்ட்லாம் சரி, ஆனா கலேரா தானா ஐபிய கண்டுபிடிக்கிறப்ப பேக்கப் கார்டோட ஐபிய எடுத்துக்கிட்டு டோனர்கிட்ட அத சொல்லிடுச்சு. நோடு அட்ரஸ ஒவ்வொரு நோட்லயும் கான்ஃபிக்ல கையால எழுதிட்டோம், அன்னைலருந்து அந்த தொல்லை இல்ல. ஜிகேஷ் டீஃபால்ட் 128 எம்பி தான், அத 2 ஜிபி ஆக்குனதுல சின்ன ரீபூட்டுக்கெல்லாம் முழு காப்பி எடுக்குறதும் நின்னுச்சு.

இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ, கூட்டம் இல்லாத ஞாயித்துக்கிழமை காலைல, ஒவ்வொரு நோடா நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஏத்துறேன், 4568 வழி சரியா இருக்கான்னு தெரிஞ்சுடும். அப்புறம் ஒரே ஒரு நோட்ல மட்டும் கிராஸ்டேட் ஃபைல (நோடு எதுவரைக்கும் டேட்டா வச்சிருக்குன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) நகத்தி வச்சுட்டு ஏத்துறேன், அப்ப வேற வழி இல்லாம முழு காப்பி தான் எடுக்கும், 4444ம் டெஸ்ட் ஆயிடும். போன தடவ நெட்வொர்க் டீம் ஒரு ரூல மாத்தி வச்சிருந்தது இப்படி தான் தெரிஞ்சுது, அன்னைக்கே சரி பண்ணிட்டோம்.