பேஸ்பால் வீரர்களுக்குக் கருவி பெற்றுத் தரும் ஒரு பிரிக்பீல்ட்ஸ் முகவர் நிலையம்: ஒரு தந்தையின் மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டு வரிசையின் மாடியில் இயங்கும் சிறிய விளையாட்டு முகவர் நிலையத்தின் சேவையைக் கடந்த ஆண்டு முதல் என் மகனுக்காகப் பயன்படுத்தி வருகிறேன். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பூப்பந்து, காற்பந்து ஆட்டக்காரர்கள்தாம். ஆயினும் பேஸ்பால் ஆடும் சில இளைஞர்களுக்கும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள கருவி விநியோகிப்பாளர்களோடு தொடர்பு ஏற்படுத்தித் தருகிறார்கள். அந்தச் சேவை கட்டணத்திற்குத் தகுந்ததா என்று நண்பர்கள் பலர் கேட்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் பேஸ்பால் சாப்ட்பால் அளவுக்குக்கூட வேரூன்றவில்லை. அதனால் தலைநகரின் விளையாட்டுக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சாப்ட்பால் கையுறைகளே. சாப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலின் சுற்றளவு 9 அங்குலத்திற்குச் சற்று மேல். ஒன்றுக்காகத் தைத்த ஆழமான கையுறையில் மற்றது அடங்கி அமராது. என் மகன் வெளிக்களத்தில் ஆடுபவன், அதோடு இடக்கையால் எறிபவன். வலக்கையில் அணியும் 12.75 அங்குலக் கையுறையைத் தேடி நாங்கள் ஏறி இறங்காத கடை இல்லை. உயர்தரக் கையுறை ஒன்று ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் என்பதால், கைக்குப் பொருந்துமா என்று தெரியாமல் இணையத்தில் வாங்கவும் மனம் வரவில்லை.

இந்த நிலையத்தில் எனக்கு முதலில் நம்பிக்கை ஏற்படுத்தியது அவர்கள் கேட்ட கேள்விகளே. முகவர் என் மகனின் கையைத் தாளில் வைத்து விரல் விரலாக வரைந்துகொண்டார், மணிக்கட்டின் சுற்றளவை அளந்தார், சுண்டுவிரல் கூட்டில் ஒரு விரலை நுழைப்பானா இரண்டை நுழைப்பானா என்று கேட்டார். பிறகு பழைய கையுறையைப் புரட்டிப் பார்த்து, பந்து எந்த இடத்தில் அடித்து அடித்துத் தோல் கறுத்திருக்கிறது என்பதைப் படம் எடுத்து, ஒசாகாவில் உள்ள விநியோகிப்பாளருக்கு அனுப்பினார். விலைப்பட்டியலைக் கேட்டு எழுதும் ஆளுக்கும் ஆட்டக்காரனை இவ்வளவு நுணுக்கமாக விவரித்து எழுதும் ஆளுக்கும் தயாரிப்பாளர் ஒரே மாதிரி பதில் எழுதுவதில்லை என்பதை அங்கேதான் கண்டேன். வந்து சேர்ந்த கையுறை என் மகனின் கைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு பருவம் ஆடி முடித்ததும், எந்த வார் தளர்ந்தது, உள்ளங்கைத் தோல் எப்படி மடிந்தது என்று அவனையே எழுதச் சொல்லி அதையும் அனுப்பினார்கள். அடுத்த முறை இடக்கைக்காரருக்கான கையுறை கேட்டபோது, நாங்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

மட்டை விஷயத்தில் அவர்களின் அறிவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. என் மகன் அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் இடம்பெற முயன்று வருகிறான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏயின் ஆட்டங்களில் உலோக மட்டை பயன்படுத்துவதானால், பந்து மட்டையில் பட்டுத் தெறிக்கும் வேகத்துக்கு வரம்பு விதிக்கும், 2011 முதல் நடைமுறையில் உள்ள பிபிகோர் தரத்தின் முத்திரை அதில் இருக்க வேண்டும். அங்குலத்தில் கணக்கிட்ட நீளத்திற்கும் அவுன்ஸில் கணக்கிட்ட எடைக்கும் உள்ள வித்தியாசமும் 3ஐத் தாண்டக்கூடாது. நகரில் ஒரு கடைக்காரர் எந்தக் கல்லூரியிலும் செல்லும் என்று உறுதி கூறி விற்ற மட்டையில் அந்த முத்திரையே இல்லை என்பதை, முகவர் கையில் வாங்கிய மறுகணமே சுட்டிக்காட்டினார். கல்லூரி ஆட்டக்காரர்கள் ஆடும் கோடைக்கால லீக்குகள் பலவற்றில் மரமட்டைதான் வேண்டும். அவற்றில் ஒன்றான கேப் காட் லீக் 1985 முதல் மரமட்டையோடு ஆடப்படுகிறது. ஆகவே இரண்டு வகையும் தேவைப்பட்டன.

மேப்பிள் மரத்தால் ஆன மட்டைகள் வந்து இறங்கிய அன்று, அவற்றை எங்கள் எதிரிலேயே ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, ஆர்டரில் கேட்ட 30 அவுன்ஸோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார்கள். கைப்பிடியில் இருந்த சிறு மைப்புள்ளியையும் காட்டினார்கள். மை எந்தத் திசையில் கசிந்து ஓடுகிறதோ அதுவே மரத்தின் இழை ஓடும் திசை. இழை 3 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் மட்டை சிதறி உடையும் ஆபத்து மிகுதி. மட்டைகள் துண்டு துண்டாகப் பறந்து ஆட்களைக் காயப்படுத்தியதால் 2008இல் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் லீக்கான எம்எல்பி ஆய்வு நடத்தியது. அதன் பிறகே இந்தச் சோதனை வந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் மரம் நீரை உறிஞ்சி எடை கூடிவிடும் என்பதால், மட்டைகளைக் காற்றுப் புகாத உறையில் வைக்கவும் கையுறையில் பூஞ்சை பிடிக்காமல் மின்விசிறிக்கடியில் உலர்த்தவும் அறிவுரை கூறினார்கள். கடையில் வாங்கினால் யார் இதையெல்லாம் சொல்லித் தருவார்கள்?

ஆட்டக்காரர்கள் தம் பெயரை விளையாட்டுக் கருவிகளின் விளம்பரத்திற்குத் தருவது பழைய வழக்கம். அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் 1905இலேயே லூயிவில் மட்டைத் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அதனால் இலவசமாகக் கருவி வாங்கித் தருபவரே நல்ல முகவர் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். என் மகனுக்கும், சமூக ஊடகத்தில் படம் போட்டால் போதும், மட்டைகளை இலவசமாக அனுப்புகிறோம் என்று ஒரு வெளிநாட்டு விநியோகிப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. முகவர் உடனே தடுத்தார். "அண்ணே, இலவசம்னு இப்பக் கை நீட்டிட்டா, தம்பிக்கு நாளைக்கு அங்க ஆட முடியாமப் போயிடும்" என்றார். கல்லூரி ஆட்டக்காரர் தம் திறமையைச் சந்தைப்படுத்த ஒரு முகவரோடு வாய்மொழியாக ஒப்புக்கொண்டாலே தகுதியை இழக்க நேரும் என்பது என்சிஏஏயின் நெடுநாள் விதி. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயருக்கும் உருவத்திற்கும் ஊதியம் பெற வழி திறந்திருந்தாலும், மாணவர் விசாவில் செல்லும் வெளிநாட்டவருக்குக் குடிநுழைவு விதிகள் குறுக்கே நிற்கின்றன. ஆகவே, மற்றவர்களுக்கு விற்கும் அதே விலையில் ரசீதோடு வாங்கச் செய்து, தாங்கள் ஆலோசகர்களாக மட்டும் மணிக்கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டார்கள். கைக்கு வந்த வாய்ப்பை விடச் சொல்லும் முகவரைக் காண்பது அரிது. இந்த ஒரு காரியத்திற்காகவே இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. கட்டண விவரம் தாமதமாகவும் ஒரே தொகையாகவும் வருகிறது. ஆலோசனைக்கு எவ்வளவு, விமானச் சரக்குக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுத்தான் பிரித்து வாங்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதை, பந்துகளும் வார்களும் வாங்கிய பிறகே எங்களுக்குத் தெரிவித்தார்கள். கையுறையின் வார் அறுந்தால் மாற்றித் தர அவர்களிடம் ஆள் இல்லை; நகரின் புடு பகுதியில் காலணி தைப்பவர் ஒருவரிடம்தான் கொடுத்து வாங்கினோம், அவரும் நன்றாகவே செய்தார்.

பள்ளி அணியில் பொழுதுபோக்காக ஆடும் பிள்ளைகளுக்கு இந்தச் சேவை தேவையில்லை. நல்ல பயிற்றுநர் ஒருவரின் வழிகாட்டலே போதும். வெளிநாட்டுக்குச் சென்று ஆட எண்ணுபவர்கள், முதல் சந்திப்பிலேயே கட்டணத்தை எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். இடக்கைக்காரராக இருந்தால் பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே செல்லுங்கள், செல்லும்போது பழைய கையுறையைத் துடைக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.